அரைப்பங்குக் கிணறு

காடு என்று நாங்கள்தான் சொன்னோம். அது காடு இல்லை. வலிகாமம் வடக்கில் இராணுவம் பல வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த வளவு. பதினெட்டுப் பரப்பு. வேம்பும் வடலியும் நாயுண்ணியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மத்தியானத்தில்கூட உள்ளே வெயில் விழாது.

சொந்தக்காரர் சுவிஸில் இருந்து திரும்பி வந்தவர். மரங்களை வெட்டாமல் உள்ளே ஒரு சிறிய தியான இடம் வேண்டும், எட்டுப் பேர் தங்கினால் போதும் என்றார். நான் வீட்டுப் பிளான் கீறுகிறவன். இணுவிலில் என் வீட்டு முன்னறைதான் கந்தோர். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மேசன் என்னைவிட மோசம்.

"அண்ணை, சும்மா இருக்கிறதுக்கு எட்டுக் கொட்டிலோ? சங்கக்கடை வாசலிலை ஒரு வாங்கு போட்டாக் காணுமே" என்றான்.

ஆனால் பத்து நாள் அளவு நாடாவோடு அந்த மரங்களுக்குள் திரிந்த பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெளிநாட்டுக் காசில் தூண் வைத்துக் கட்டும் வீடுகளைக் கீறிக் கீறி அலுத்துப்போயிருந்தேன். ஒருவரும் நிற்காத பல்கனிகளைக் கீறியே என் ஆயுள் போனது. இங்கே ஒவ்வொரு கொட்டிலும் இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது. கிடுகுக் கூரை, மண் சுவர். நடுவில் பழைய கிணறு. அதைப் பார்த்தபடி மூன்று பக்கமும் திறந்த ஒரு மண்டபம். கிணற்றைச் சுற்றி நடப்பதற்கு ஒரு பாதை. எந்த வளைவில் நின்று பார்த்தாலும் கிணறு தெரியும். நான் கீறியதில் நல்லது என்று சொல்லக்கூடிய படம் அது ஒன்றுதான்.

அந்தப் பாதை ஒருவரும் குறுக்கிடாமல் வட்டமாக ஓட வேண்டும் என்றால் கிழக்கு மதிலில் இடைவெளி இருக்கக்கூடாது. அங்கேதான் பிழை.

காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாசித்தவன் நான். கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும் என்று தெளிவாக இருந்தது. மற்ற அரைப்பங்கு கிழக்கு வளவுக்கு. அவர்கள் வந்து தண்ணீர் அள்ள வழியும், கொண்டுபோக வாய்க்காலும் விட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது விளங்காத ஆள் இல்லை. என் அப்பாவும் பெரியப்பாவும் கிணற்றுப் பங்குக்கு வழக்காடி, செத்தவீட்டுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் போனவர்கள். அதற்குள் வளர்ந்த நான் தெரிந்துகொண்டேதான் அந்த வழிக்குக் குறுக்கே மதிலைக் கீறினேன். கிழக்கு வளவு பற்றையாகக் கிடந்தது. ஆள் வந்தால் பார்ப்போம் என்று விட்டேன். சொந்தக்காரரிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் படத்தை மாற்றச் சொல்வார் என்ற பயம்.

மதில் இடுப்பளவு எழும்பியபோது ஆள் வந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க பெண். பண்டத்தரிப்பில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பற்றையை வெட்டித் தகரக் கொட்டில் போட்டுத் தன் காணியில் குடியேறி ஒரு கிழமை ஆகியிருந்தது. கையில் வாளியும் கயிறும்.

"தம்பி, உதாலைதானே நாங்கள் கிணத்தடிக்கு வாறனாங்கள். நான் நுழைய ஒரு பொட்டு விடுங்கோவன்."

இது தியானம் செய்கிற இடம், சத்தம் இருக்கக்கூடாது என்றேன்.

"வாளிக்கு என்ன சத்தம்?" என்றார். மேசன்மார் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "உன்ரை பங்கு எப்பவோ போயிட்டுது. இவ்வளவு வருசம் பாவிக்காத கிணத்திலை உனக்கென்ன உரிமை? சட்டம் தெரியாட்டிப் பேசாமல் போ" என்று கத்தினேன். என்னைவிட மூத்தவர். நீ என்றேன். சொன்னதும் பச்சைப் பொய். அப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

அவர் கயிற்றைக் கையில் சுற்றினார். "விரும்பியோ விட்டிட்டுப் போனனாங்கள்?" என்றார். திரும்பிப் போய்விட்டார். நான் மதிலை ஆளுயரத்துக்கு எழுப்பினேன்.

அதன் பிறகு அவர் சந்திக் குழாயில் இருந்து சைக்கிளில் இரண்டு கலன் கட்டித் தண்ணீர் கொண்டுபோனதைத் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கூரை வேய்ந்தேன்.

திறந்த அன்று சொந்தக்காரர் என்னையும் மண்டபத்தில் இருத்தினார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். எனக்கு மதிலுக்கு அப்பால் கலனை இறக்கும் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. எழும்பி வெளியே போய், ஒழுங்கையால் சுற்றி அவர் வளவுக்குப் போனேன்.

மிளகாய்க் கன்றுகளுக்குச் சிரட்டையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கன்றுக்கு ஒரு சிரட்டை. பாதி கருகியிருந்தது.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பொய். உங்கடை பங்கு போகேல்லை."

அவர் நிமிரவில்லை. "தெரியும். என்னட்டையும் உறுதி இருக்கு."

பிறகு ஏன் கொண்டுவந்து காட்டவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மேசன்மாருக்கு முன்னாலை 'நீ', 'போ' எண்டு பேச்சுக் கேட்டாச்சு. உறுதியையும் கொண்டுவந்து இன்னும் என்னத்தைக் கேக்கிறது?"

அன்றே சொந்தக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நல்லது. "முதலே சொல்லியிருந்தா வழி விட்டுக் கீறியிருக்கலாமே. நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ?" என்றார். பிழை செய்யாத அவரே போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஒழுங்கையில் நின்றேன்.

அந்தக் கிழமையே மதிலை உடைத்து, வழி விட்டுப் படலை போட்டோம். வாய்க்காலையும் வெட்டிவிட்டோம். நடக்கிறவர்கள் அந்த இடத்தில் அவருக்கு விலகி நின்றுவிட்டு நடக்கிறார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. படம் கெட்டுப்போயிருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும். கெடவில்லை. ஒரு படலையை முதலிலேயே கீறியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

கூரை பார்க்க இப்போதும் இடைக்கிடை போகிறேன். காலையில் அவர் வாளியோடு படலை வரை வருவார். என் மோட்டார்சைக்கிள் நிற்பதைக் கண்டால் உள்ளே வரமாட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நிற்பார். என்னைப் பார்க்கவும் மாட்டார். நான் ஏணியால் இறங்கி, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளை எடுப்பேன். ஒழுங்கை முடக்கைத் தாண்டும்போதுதான் கிணற்றுக் கப்பி உருளுகிற சத்தம் கேட்கும்.