வரைபடத்தில் இல்லாத வன்னி

எழுபதுகளின் நடுவில், வளைகுடாவில், சோஹார் கடற்கரையிலிருந்து உள்ளே ரோடு போடும் ஒரு கம்பெனியில் நான் சர்வேயர். மூன்று மாதம் வெயிலில் வெந்து ஒரு பாதை குறித்தேன். முடித்த வாரமே அரசாங்க உத்தரவு வந்தது. பாதை கடக்கும் வாதி, அதாவது மழை நாளில் மட்டும் தண்ணீர் ஓடும் அகன்ற மணல் பள்ளம், இனி காப்பு நிலம். மரம் வெட்டக் கூடாது, வேட்டை கூடாது, வண்டியும் போகக் கூடாது. ரோடு சுற்றிக்கொண்டு போகட்டும் என்றார்கள். மர நிழலில் இருந்த லேபர் கேம்ப்பும் வெட்டவெளிக்கு மாறியது. தகரக் கொட்டகையில் ஆட்கள் புழுங்கினார்கள். ஆளே இல்லாத மணலுக்கு ஒரு சட்டமா என்று கண்டவரிடமெல்லாம் பொரிந்து தள்ளினேன்.

அடித்த முளைக்குச்சிகளை நானே பிடுங்க வேண்டும், அதுவும் நடந்து போய். துணைக்கு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். கேம்ப் சமையலுக்கு விறகு கொண்டுவருவது அவர் டூட்டி. அதுவரை அந்த இடத்தை ஜீப்பிலிருந்துதான் பார்த்திருந்தேன். நடந்தபோதுதான் அதன் அளவு உறைத்தது. எங்கள் மூச்சைத் தவிர ஒரு சத்தம் இல்லை. மேடு ஒன்றைத் தாண்டினால் ஏழு மான்கள். ஓடாமல் நின்று எங்களைப் பார்த்தன. மழை காணாத மண்ணில் மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. கும்பிடத் தோன்றியது, கையில் குச்சிக்கட்டு இருந்ததால் கும்பிடவில்லை.

ஓர் அடிக்கட்டை அருகே அவர் நின்றுவிட்டார். உத்தரவு வந்த பிறகு அவர் வெட்டிய மரம் அது. அவர் ஊரில் கரி சுட வெட்டும் சீமைக் கருவேலம் என்றே நினைத்திருக்கிறார். அந்த முள்ளை எந்தச் சர்க்கார் காப்பாற்றும்? இப்போது பக்கத்து மரத்தின் இலையைக் கிள்ளிப் பார்த்தார், காயைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"சார், இது வன்னி சார். நவராத்திரி முடிஞ்சு மகர்நோன்புக்கு எங்க சாமி அம்பு போடுற மரம். இதையா வெட்டிப்புட்டேன்?"

உத்தரவு வந்தபின் வெட்டியவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேம்ப் பாஸ் எச்சரித்திருந்தார். மறுநாள் அதிகாரி வந்து, ஒவ்வொரு மரத்துக்கும் நான் புள்ளி வைத்திருந்த வரைபடத்தோடு சரிபார்ப்பதாக இருந்தது. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் அந்த ஒரு புள்ளியைச் சுரண்டி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி அந்த ஊர் அரபிக்காரர். புள்ளி புள்ளியாக நடந்தார், அடிக்கட்டைப் பக்கம் போகவே இல்லை. எல்லா மரமும் சரியாக இருந்தது. என் கையைக் குலுக்கி, இந்தப் படமே இனி ஆபீஸ் பதிவு, இதில் இருக்கும் மரங்களுக்கெல்லாம் காவல் உண்டு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். சட்டத்தை ஏசிய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ராமநாதபுரத்துக்காரர் லீவுக்குப் புறப்படும் முன் என்னைத் தேடி வந்தார். வெள்ளிக்கிழமை நடந்து போய்ப் பார்த்தாராம்.

"கட்டையில தளிரு விட்டிருக்கு சார். படத்துல அதுவும் இருக்குல்ல? சட்டம் அதையும் காக்கும்ல?"

காக்கும் என்று சொன்னேன்.