செம்பூருக்குப் போகிற பள்ளிக்கூடத்துக்கு வசூல்

நன்கொடை வசூலுக்குப் போகிறவனைக் கண்டால் நாய்கூடக் குரைக்காது. அந்த வேலையை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார். கோயிலுக்கோ சபாவுக்கோ ரசீதுப் புத்தகத்தோடு மாடி ஏறி இறங்கியிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த சமயம். பம்பாய் மாட்டுங்காவில் வாடகைக் கட்டடத்தில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் குமாஸ்தா. இடம் போதவில்லை என்று கமிட்டி பள்ளியைச் செம்பூருக்கு மாற்றத் தீர்மானித்தது. புதுக் கட்டடத்துக்கு வசூல் செய்வது என் தலையில் விழுந்தது. என் மகள் சரஸாவும் அங்கேதான் படித்தாள். செம்பூர் போக வேண்டுமானால் குர்லாவில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஊரில் எப்போது கல் பறக்கும், எப்போது கர்ஃப்யூ போடுவார்கள் என்று தெரியாத நாட்கள் அவை. என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "குர்லாவிலே வண்டி மாறி ஒரு பொண்ணு படிச்சு ஆகவேண்டியது ஒண்ணுமில்லை. பள்ளிக்கூடம் போற அன்னிக்கு இவ படிப்பு நின்னுது."

வசூல் ஆகாவிட்டால் என் வேலை போகும். வசூல் ஆகிவிட்டால் சரஸாவின் படிப்பு போகும். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படிக்கல்

முதலில் போனது ஒரு ரிடையரான அக்கவுண்டன்ட் வீட்டுக்கு. கோயில் படியில் உபயதாரர் பெயரைப் பொறிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி எங்கள் பள்ளி வாசற்படியில் தம் தகப்பனார் பெயரைக் கல்லில் வெட்டிப் போட்டிருந்தார். பிள்ளைகள் கால் பட்டால் புண்ணியம் என்று நம்பிக்கை. பள்ளி காலி செய்ததும் அந்தக் கட்டடத்தைக் கிடங்குக்கு விடப்போகிறார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ரசீதுப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. அதற்குள் மனிதர் ஆரம்பித்துவிட்டார்.

"குழந்தைகள் மிதிக்கட்டும்னு போட்ட கல். இனிமே வெங்காய மூட்டை தூக்கறவன் எங்கப்பாவை மிதிப்பான். முதல்லே அந்தக் கல்லைப் பேர்த்துக் கொண்டுவந்து கொடுங்கோ, அப்புறம் பேசலாம்."

எதிர்க் கட்டடம்

பள்ளிக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பம்பாயே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில், குடிவர ஆளில்லாமல் தவித்தவர். பிறகு அவரைக் காப்பாற்றியது எங்கள் பள்ளி மணிதான். பெண்ணைப் பெற்றவர்கள், ஜன்னலில் நின்றால் பள்ளி வாசல் தெரிகிறது என்பதற்காகவே சாவி வாங்குமுன், வாடகை போகப் பகடி என்று தனியாக ஒரு தொகையும் கை நிறையக் கொடுத்துக் குடிவந்தார்கள். செம்பூர்ச் செய்தி பரவிய வாரமே இரண்டு குடித்தனக்காரர்கள் அங்கே வீடு விசாரிக்கப் போய்விட்டார்கள்.

திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தாழ்ந்த குரலில் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஜப்பான்காரன் போடாத குண்டை உங்க கமிட்டி போட்டுடுத்து."

நரி

செம்பூர்க்காரர்களாவது சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பள்ளி வரப்போகிற நிலத்துக்குப் பக்கத்து மனையை ஒரு ரயில்வே ஆபீஸ் உத்தியோகஸ்தர் வாங்கி, பாதி வீடு எழுப்பியிருந்தார். மனைவியின் நகை முழுவதும் அந்தச் சுவரில் இருந்தது. சுற்றிலும் புல்லும் சேறும். விளக்குக் கம்பம்கூட இல்லை. நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். ஆனால் ரசீதை வாங்கிக்கொண்டு என் கையை விடவில்லை. கமிட்டி மனசு மாறாதே, மாறாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாராளம் என்று நினைத்தது வெறும் கிலி என்று அப்போதுதான் புரிந்தது.

"நீங்க வராட்டா, இந்த வீட்டை நரிக்குத்தான் வாடகைக்கு விடணும் சார்."

தாராவியில்

தாராவியில் தோல் பட்டறை வேலைக்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தினமும் காலையில் மகளைப் பள்ளி வாசல்வரை நடத்திக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். ரயிலுக்கு அவரிடம் வழியில்லை. தனியே அனுப்பத் தைரியமும் இல்லை. அவரிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரே ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"போறதுக்குத் துட்டு கேக்கிய. போவாம இருக்கதுக்கு எவ்வளவு ஆவும்னு கமிட்டில கேட்டுச் சொல்லுங்கய்யா. அதுக்குன்னா நாங்க தெருவோட சேந்து தாரோம்."

கமிட்டியில் கேட்டேன். சிரித்தார்கள்.

குர்லா

கட்டடம் எழும்பத் தொடங்கியதும் மனைவியிடம் கெஞ்சி, சரஸாவை ஒரு தடவை அழைத்துப்போய்க் காட்டிவருகிறேன் என்று கிளம்பினேன். குர்லாவில் இறங்கியபோது வெளியே கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் ஓடினார்கள். செம்பூர் வண்டி வந்து நின்றது. பெண் பிள்ளையைப் பெண்கள் டப்பாவில் ஏற்றுவதுதானே முறை? ஏற்றிவிட்டு நான் ஆண்கள் டப்பாவுக்கு ஓடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தொங்குவதற்குக்கூட இடமில்லை. சரஸா ஜன்னலில் கையை ஆட்டினாள். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை.

அடுத்த வண்டி வரும்வரை தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவழியாகச் செம்பூரில் இறங்கினேன். ஒரு மராத்திக் காய்கறிக்காரி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் சரஸா. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். அவள் முகத்திலும் பயம்தான், ஆனால் அது அவளுக்காக இல்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டே ஹிந்தியிலே சொல்லிட்டேன்பா. எங்கப்பா குர்லாவிலே தனியா நிக்கறார், அவருக்குப் பாஷை வராது, யாராவது பார்த்து ஏத்திவிடச் சொல்லுங்கோன்னு."

வீட்டில் நான் வாய் திறக்குமுன் அவளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மனைவி முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவ போகட்டும். நீங்க நம்ம மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டாதீங்கோ."

பள்ளிக்கூடம் செம்பூருக்குப் போனது, பகடி இங்கே இறங்கி அங்கே ஏறியது, சரஸாவும் படித்து முடித்தாள். சாயங்கால வண்டி வரும்வரை தினமும் மாட்டுங்கா ஸ்டேஷனில் அவளுக்காகத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றதுதான் ரசீது இல்லாமல் நான் கொடுத்த நன்கொடை.