ரசத்தில் இருந்த கோதுமை

என் மகள் ஜெனிக்குச் சீலியாக் நோய், கோதுமையே ஆகாது என்று டாக்டர் சொன்னதும் சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆறு மாதமாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பரோட்டா தின்கிறாள் என்று நினைத்து, "உண்மையச் சொல்லு ஏட்டி!" என்று அடித்தும்விட்டேன். "சத்தியமா தின்னல்லம்மா" என்று அழுதாள்.

பிறகு டாக்டர், சமையலில் சேர்ப்பதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. வயிற்றுக்கு நல்லது என்று தினமும் ரசத்தில் கூடுதலாகப் போட்டது நான்தான்! எங்கள் ஊர் கொட்டாரத்தில் கடைக்காரரிடம் சொன்னால், "காயத்துல ஏது கோதம்பு?" என்று சிரிக்கிறார். எத்தனை பேரிடம்தான் விளக்குவது?

இப்போது பின்பக்கம் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. ஜெனி ஒன்று சொன்னால், முதலில் அவளை நம்புகிறேன்.