ஒராஸ்குல் மாட்டிய இரண்டு இன்ஜின்கள்

எங்கள் பவுத்தினோ மீன்பிடித் துறையில் ஒராஸ்குலை எல்லோரும் இன்ஜின் டாக்டர் என்றுதான் சொல்வோம். பத்தொன்பது வருடம் துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தவள். ஒரு படகு துறைக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். கணவன் மெர்கெனுக்கு முதுகு பழுதாகி, இனிக் கடல் பக்கம் போகவே கூடாது என்று மருத்துவர் சொன்ன வாரமே பட்டறை வேலையை விட்டாள். மீன்பிடி உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி, ஏழரை மீட்டர் ஃபைபர் படகு ஒன்றும் வாங்கினாள். அதற்கு இன்ஜின் மாட்டுவதுதான் பாக்கி.

நூற்றைம்பது குதிரைத்திறனில் ஒன்றா, எழுபதில் இரண்டா? ஊர் முழுக்க ஒன்று என்றது. அவள் ஒருத்திதான் இரண்டு என்றாள்.

நவ்ரீஸ் புத்தாண்டு விருந்தில் வைத்தே சண்டை வெடித்தது. மெர்கெனின் அண்ணன் இஸ்பாசர்தான் ஆரம்பித்தார். அவர் படகில் பதினோரு வருடமாக வலை இழுப்பவன் நான். அதனால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணு போதாதா? ரெண்டுன்னா பெட்ரோலும் ஜாஸ்தி, ஆயிலும் ஜாஸ்தி. பின்னாடி பாரம் வேற. படகு ஓடுமா, குந்திக்குமா?"

"முப்பது கிலோதான் கூடுது பெரியத்தான். உங்களை ஏத்திக்கிட்டா அதைவிடக் கூடும்."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. இஸ்பாசர் கறித்தட்டைத் தள்ளி வைத்தார்.

"என் படகுல பதினஞ்சு வருஷமா ஒரே இன்ஜின். ஒரு நாள் நின்னதில்ல."

"நின்னா?"

"நிக்காதுங்கறேன்!"

"அந்தக் காலத்துல பாலைவனம் தாண்டப் போனவங்க மாத்துக்குதிரை ஒண்ணு கூட்டிக்கிட்டுப் போகலையா?"

"போனாங்க. ஆனா ரெண்டுக்கும் ஒரே பையிலதான் தீனி. தீனி கெட்டுச்சுன்னா ரெண்டும் சேர்ந்து சாகும். உன் ரெண்டு இன்ஜினும் ஒரே டேங்க்ல குடிக்கிறதுதானே?"

ஒராஸ்குல் எழுந்து காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்து நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவளோ வீட்டுக்குப் போன கையோடு மெர்கெனிடம், "உங்க அண்ணன் சொன்னது சரிதான். டேங்க்கும் ரெண்டு வேணும்" என்றாளாம்.

அப்படியே செய்தாள். இன்ஜின் இரண்டு, டேங்க் இரண்டு, ஃபில்டர் இரண்டு, பேட்டரி இரண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு குழாய்கூடப் போகவில்லை. இடது டேங்க்குக்கு ஊர் பங்க்கில் பெட்ரோல் போட்டாள். வலதுக்கு அக்தா நகரத்திலிருந்து கேனில் கொண்டு வந்தாள்.

பிறகு படகில் அரை டன் மணல் மூட்டையை ஏற்றி, ஓர் இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, மற்றதை வைத்தே துறையைச் சுற்றினாள். படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. நாங்கள் படகுத்துறைப் பாலத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி, "நொண்டி! நொண்டி!" என்று கத்தினோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள், இன்ஜினுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள், வேகம் குறைந்து இழுவை கூடும் விசிறி ஒன்றைப் போட்டதும் படகு பாரத்தோடு நிதானமாக முன்னேறியது.

"இவ்வளவுதானா வேகம்?" என்று கேட்டேன்.

"வீடு வந்து சேர்ந்தாப் போதும்டா சாபித்" என்றாள்.

மே மாதம் முப்பது கிலோமீட்டர் தள்ளி மடவை மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. ஐந்து படகு போனோம். நண்பகலில் கிழக்குக் காற்று கிளம்பியதுமே மூன்று படகுகள் திரும்பிவிட்டன. ஒராஸ்குல் தள்ளி எங்கேயோ இன்னும் வலையை ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வலை என்று இஸ்பாசர் ஆசைப்பட்டார். வலையை ஏற்றிக் கிளம்பும்போது இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே பாதி தண்ணீர். காலையில் ஊர் பங்க்கில் போட்ட பெட்ரோல். மாற்றுக் கேனிலும் அதேதான்.

நங்கூரம் தரையைப் பிடிக்கவில்லை. காற்று எங்களை நடுக்கடலுக்குத் தள்ளியது. இஸ்பாசர் ரேடியோவைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ஒராஸ்குல்... கேக்குதா? இன்ஜின் நின்னுபோச்சும்மா."

"வர்றேன் பெரியத்தான். நங்கூரத்தை எடுத்துடாதீங்க. இழுபட்டாலும் கிடக்கட்டும்."

அரைமணி நேரத்தில் அவள் படகு அலைகளுக்கு நடுவே தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இடது இன்ஜின் தண்ணீருக்கு மேலே தூக்கியிருந்தது. இடது டேங்க்கில் அவளும் அதே ஊர் பங்க் பெட்ரோலைத்தானே போட்டிருந்தாள்! ஒற்றை எழுபதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கயிற்றை வீசிவிட்டுக் கத்தினாள்: "மீனைக் கொட்டுங்க!"

"அறுநூறு கிலோ இருக்கும்மா!"

"மீன் நாளைக்கும் வரும். நீங்க வருவீங்களா?"

முதல் கூடையை இஸ்பாசரே தூக்கிக் கவிழ்த்தார்.

நாலரை மணி நேரம். ஒவ்வொரு அலைக்கும் கயிறு விறைத்துத் தொய்ந்தது. காற்று முகத்தில் உப்பை வாரி அடித்தது. அந்த ஒரு இன்ஜின் சுருதி மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் நான் அந்தச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இருட்டும் முன் துறைக்குள் நுழைந்தோம். நின்றிருந்த படகுகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பாலத்தில் நிற்க இடமில்லை. மெர்கென் முதுகு வலியை மறந்து குதித்துக்கொண்டிருந்தான். இஸ்பாசர் கரையேறி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னார்:

"அடுத்த தடவை எப்போ கிளம்புறேன்னு சொல்லும்மா. உன் பின்னாடியே வர்றேன்."

யார் பின்னாலும் போகாத மனிதர் அவர்.

அதன் பிறகு இன்ஜின் வாங்குபவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் இரண்டு என்று அவள் சொல்வதில்லை. கரையோரம் வலை போடும் ஒருவரிடம், "நீங்க கரை தெரியிற தூரம்தானே போறீங்கண்ணே? ஒண்ணு போதும். ஒழுங்காப் பாத்துக்குங்க, துடுப்பையும் கையோட வச்சுக்குங்க" என்றாள்.

எங்களை இழுத்து வந்த மூன்றாம் நாள் காற்று அடங்கியது. அதற்குள் தன் இடது இன்ஜினோடு இஸ்பாசரின் இன்ஜினையும் அவளே கழுவிச் சரிசெய்திருந்தாள். விடிந்ததும் ஐந்து படகுகளும் வரிசையாகக் கிளம்பின. அவள் படகுதான் முன்னால். துறை வாயைத் தாண்டியதும் இரண்டு இன்ஜினையும் சேர்த்து முடுக்கினாள். படகின் மூக்கு நிமிர்ந்தது. எங்கள் இஸ்பாசரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அன்று மதியத்துக்குள் ஐந்து படகும் விளிம்பு வரை மடவையோடு திரும்பின.