தம்பியின் உதடு நிற்கவில்லை

என் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் சிலை. பேசிக்கொண்டே இருப்பான், பாதிப் பேச்சில் நின்றுவிடுவான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். கையிலிருக்கும் தண்ணீர்க் குவளைகூடச் சாயாது. பிறகு விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வான். நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. "எங்கடா போயிட்டு வந்தே?" என்று கேட்டால், "இங்கதானே இருக்கேன்" என்று என்மேல் எரிந்து விழுவான்.

அதுவும் வலிப்பில் ஒரு வகை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையை நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்வோம். 'நான் விழிக்கும் முன்னே நீ விழித்திருக்கிறாய், நான் உறங்கிய பின்னும் நீ விழித்திருக்கிறாய், என் கை நழுவும் இடத்தில் உன் கை தாங்கட்டும்' என்று அது நீண்டு போகும். அவன் சிலையாகிவிட்டால் நான் இரண்டு வரி தாண்டியிருப்பேன். அவன் விட்ட வரியிலேயே வந்து நிற்பான். "ஏன்க்கா இப்படி ஓடுறே?" என்று எனக்குத்தான் திட்டு விழும்.

வளர்ந்தபின் அது அவனை விட்டுப் போயிற்று. மாத்திரையையும் டாக்டரே நிறுத்தினார். நான் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு அதை மறந்தும்போனேன். பெயர் மட்டும் போகவில்லை. நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பழச்சாறு ஆலையிலும் அவன் சிலைதான். பொறுமைக்காரன் என்பதால் வந்த பெயர் என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள்.

ஆலையில் பாட்டில்கள் நாள் முழுக்க வரிசையாக ஓடும். ஆரஞ்சு நிற வெளிச்சம் நகர்ந்து போவதுபோல் இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாம்தான் நகர்கிறோமோ என்று தோன்றும். மூடி போடும் இயந்திரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. உள்ளே நடப்பது தம்பியின் கண்ணாடி அறையில் ஒரு திரையில் தெரியும். மூடி இல்லாமல் ஒரு பாட்டில் போனால் சிவப்புப் பொத்தானை அழுத்தி வரிசையை நிறுத்த வேண்டும். அதுதான் அவன் வேலை. வரிசையின் கடைசியில், வெள்ளை விளக்குப் பலகைக்கு எதிரில், பாட்டிலில் தூசி தும்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும்.

ஒருநாள் மூடியில்லாத பாட்டில்கள் நாலைந்து என்னிடம் வந்து சேர்ந்தன. பெல்ட்டெல்லாம் சாறு. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னய்யா சிலை, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கினியா?"

"பாத்துக்கிட்டேதான் சார் இருந்தேன். மூடி விழுந்துக்கிட்டுதான் இருந்தது. அப்புறம் பாத்தா பாட்டில் தாண்டிப் போயிருக்கு."

"தாண்டிப் போக அது என்ன தவளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் மட்டும் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே மறுபடியும் அப்படி நடந்தது, பிறகு மறுபடியும். மூடி போடும் இயந்திரத்தை ஓட்டுவது மாடியிலிருக்கும் கம்ப்யூட்டர்; அதன் பதிவைப் பார்த்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

தம்பிக்கு அப்போது கைக்குழந்தை. பெண் குழந்தை. ஒரு மாலை அவன் மனைவி என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். "அண்ணி, பிள்ளையைத் தொடவே மாட்டேங்கிறாரு. தூக்குங்கன்னு நீட்டினா கையைப் பின்னால கட்டிக்கிறாரு. பொண்ணாப் பொறந்ததுல மனசு விட்டுப்போச்சா?"

பின்கட்டுக் குழாயடியில் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். குழாயைத் திருகி மூடினான். பிறகு, "அக்கா, அது திரும்பி வந்துடுச்சு" என்றான். "திரையில ஒரு பாட்டில் இங்க இருக்கும். அடுத்தாப்ல பாத்தா அது இல்ல, வேறொண்ணு அங்க இருக்கும். நடுவுல கத்தரிச்ச மாதிரி. சின்ன வயசுலயும் எனக்கு உலகம் இப்படித்தானே தாவும்? பிள்ளை கையில இருக்கறப்போ நான் போயிட்டேன்னா?"

டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் உறுதியாகிவிடுமே என்று பயந்தான். வேலை போவதைப் பற்றி அவன் பேசவே இல்லை. குழந்தையின் தலை தோளில் எப்படிச் சாயும் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று கண்ணை மூடி உட்கார்ந்தபோது அந்தப் பழைய பிரார்த்தனைதான் வாயில் வந்தது. வழியும் கூடவே வந்தது. கடவுள் எனக்கென்று தனியாக எதையும் சொன்னதில்லை. அன்று சொன்னார் என்றுதான் நம்புகிறேன். உடனே தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு வேலை முழுக்க அதைச் சொல்லிக்கிட்டே இரு. நானும் சொல்றேன். முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. உன் உதட்டைப் பாத்துக்கறேன். தாவுச்சுன்னா கையைத் தூக்கு."

"நான் பின்தங்கிட்டா?"

"தங்கினா, நீ தங்கிட்டேன்னு சொல்றேன். உன்கிட்ட எப்போடா பொய் சொன்னேன்?"

மறுநாள் அந்த இரைச்சலில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடு, இந்தப் பக்கம் என் உதடு. நடுவில் பாட்டில்கள் ஓடின. எத்தனை முறை சொன்னோமோ. சொல்லச் சொல்ல ஆலையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆகிவிட்டது, சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில். அப்போது அவன் கை மேலே போனது.

நான் அவன் உதட்டைப் பார்த்தேன். 'என் கை நழுவும் இடத்தில்' என்று நான் சொல்கிறேன், அவனும் அதையே சொல்கிறான். பின்தங்கவில்லை. ஒரு எழுத்துகூடப் பின்தங்கவில்லை. சற்று நேரத்தில் மூடியில்லாத பாட்டில்கள் என் முன்னால் வந்து நின்றன. வேலையை விட்டு எழுந்து அவனிடம் ஓடினேன்.

"நீ இல்லடா! நீ போகவே இல்ல! போனது அந்த மிஷின்தான்!"

மாடியில் கம்ப்யூட்டர்கள் இருக்கும் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவரை மாடியம்மா என்போம். நாங்கள் போய்ச் சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டார். அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. வெளியே ஒரு கடிகாரத்தை வைத்து ஒத்துப்பார்த்துவிட்டு, மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒரு பெரிய பெட்டிக்குள்ள பல கம்ப்யூட்டர் குடித்தனம் இருக்குன்னு வச்சுக்கோங்க. மூடி போடச் சொல்றதும், திரைக்குப் படம் அனுப்புறதும் அதுல ஒரு குடித்தனம். பக்கத்துக் கட்டடம் எரிஞ்சதுக்கப்புறம், இங்க ஏதாவது ஆனாலும் எல்லாம் தப்பணும்னு, இப்போ கொஞ்ச நாளா, ஒவ்வொண்ணுக்கும் தூரத்துல ஒரு ரெட்டையை வச்சிருக்கோம். இங்க மாறுறதெல்லாம் அங்கயும் மாறணும். அதுக்காக அப்பப்போ இதை ஒரு போட்டோ எடுக்கிறோம். போட்டோ எடுக்கறப்போ அசையக் கூடாதில்ல? ஒரு கணம் நிறுத்தி வைப்போம். அன்னிக்கு மாற்றம் நிறைய இருந்தா அந்தக் கணம் நீண்டுபோகும்."

"அப்போ மத்த வேலையெல்லாம் கெடலையே, மேடம்?" என்றான் தம்பி.

"சம்பளக் கணக்கு ஒரு கணம் நின்னா யாருக்குத் தெரியும்? பாட்டில் ஓடிக்கிட்டே இருக்குமே."

"அதோட பதிவுல ஒண்ணுமே இல்லைன்னாங்களேம்மா?" என்றேன் நான்.

"அதோட கடிகாரமும் சேர்ந்து நின்னுடும்மா. முழிச்சதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சு, அப்புறம் சரியான நேரத்தை மெதுவா எட்டிப் பிடிச்சுக்கும். நடுவுல நின்னோம்னு அதுக்கே தெரியாது."

"கேட்டா, இங்கதானே இருக்கேன்னு சொல்லும்" என்றேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மூடி போடும் வேலையை அந்தக் குடித்தனத்திலிருந்து பிரித்து, வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பெட்டியில் வைத்தார்கள். அதற்குப் போட்டோ கிடையாது. துணைக்கு இன்னொரு பெட்டி, அதுவும் விழித்திருந்து பாட்டில்களைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. கணக்கு வழக்குகளுக்கு மட்டும் பழையபடி தூரத்து ரெட்டை. சூப்பர்வைசர் தம்பியின் தோளில் தட்டி, "தவளை நீ இல்லையாம்ப்பா" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

டாக்டரிடமும் போனோம். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி கையைக் கழுவினான், துடைத்தான், மறுபடியும் கழுவினான். "பிள்ளைக்கு ஆபரேஷனா பண்ணப்போறீங்க?" என்றாள் அவன் மனைவி. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அறைக்குள் மெல்ல நடந்தான். நான் பிரார்த்தனையை ஆரம்பித்தேன். அவனும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது வரியில் அவன் குரல் நின்றுபோயிற்று.

எனக்கு உயிரே போய்விட்டது. கைகளை நீட்டிக்கொண்டு எழுந்தேன். அவன் திரும்பினான். குழந்தை அவன் கீழுதட்டைக் கைப்பிடியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ழொல்ல ழிட மாட்டேங்கிழாக்கா" என்றான்.