என் கணக்கில் முடிந்த ஆறு மாதம்

கடந்த செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு விவாதம் கிளம்பியது. அன்றுதான் அண்ணன் மகள் கீழ்க்கட்டளையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு, கல்லூரி காலை ஷிப்ட். மூன்று மணி முதல் எட்டு மணி வரை வேலை.

சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பார்களாம். "பார்ட் டைம் வேலைக்கு எதுக்கு பி.எஃப்.? வேணாம்னு சொல்லிடு" என்றார் அண்ணன்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பத்திரிகைச் செய்திகளை வெட்டித் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பது என் பழக்கம். முப்பது வருஷமாக டைரியும் உண்டு. முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து பி.எஃப்.பில் பதிவாகிறவர்களுக்கு மத்திய அரசு ஒரு ஊக்கத்தொகை தருகிறது, ஆறு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால் முதல் தவணை வரும் என்ற செய்தி என் நோட்டில் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் ஃபேக்டரியில ஃபுல் டைம் வேலை பாக்கறவங்களுக்கு" என்று அண்ணன் மோரை ஊற்றிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கும் நிச்சயமில்லை. பிறகு ஒரு மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்கே போய் விசாரணை மேசையில் கேட்டேன். பகுதி நேரமா முழு நேரமா என்பதல்ல கேள்வி, பி.எஃப்.பில் முதல் தடவையாகப் பெயர் பதிவாகிறதா என்பதுதான் கேள்வி என்று அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். "பதிவிலிருந்து ஆறு மாதம்" என்று என் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அண்ணனிடம் அதைக் காட்டிய மாலை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு அந்தத் தொகை விளையாட்டல்ல. சி.எம்.ஏ. என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதல் தவணை வந்தால் பயிற்சி வகுப்பில் இடம் பிடித்துவிடலாம், மிச்சத்தை அப்பாவிடம் கேட்கும் துணிச்சலும் வரும் என்பது அவள் திட்டம். அதற்காகவே மழையிலும் பஸ் மாறி மாறிப் போய் வந்தாள்.

பிப்ரவரி கடைசியில் களைத்துப் போனாள். ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு. "அத்தை, எப்போ விடலாம்?" என்று கேட்டாள். நான் டைரியைக்கூடத் திறக்கவில்லை. செப்டம்பர் எட்டு எனக்கு மனப்பாடம். "மார்ச் ஏழாம் தேதியோட ஆறு மாசம் முடியுது. அன்னைக்கே கடைசி நாள்னு எழுதிக் கொடுத்துடு" என்றேன். கடிதத்தை நானே திருத்திக் கொடுத்தேன். மார்ச் இரண்டாம் தேதி கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து போன். கடையின் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலையை விடக்கூடாது என்று கட்டாயப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெட்டி ஒட்டிய நோட்டு, டைரி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. அங்கே என் வயதை ஒத்த ஒரு பெண்மணி. பொழிச்சலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர் என்று பிறகு தெரிந்தது. நான் நோட்டை விரித்து, விதி என்ன, தேதி என்ன என்று ஒரு சிறு சொற்பொழிவே நடத்தினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், நீங்க பாப்பா கடைக்கு வந்த தேதிய எழுதிகினு கீறீங்க. நான் அவ பேர பி.எஃப்.ல ஏத்துன தேதிய வச்சிகினு கீறேன். கவர்மெண்டு உங்க நோட்ட பாக்காது, இதத்தான் பாக்கும்."

திரையில் அக்டோபர் ஒன்று என்று இருந்தது.

நம்ப முடியாமல் டைரியைப் புரட்டினேன். செப்டம்பர் 16: "ஆதாரில் பழைய போன் நம்பர். ஓடிபி வரவில்லை. பதிவு முடியவில்லை." செப்டம்பர் 27: "சேவை மையத்தில் நம்பர் மாற்றியாயிற்று." இரண்டும் என் கையெழுத்து. சேவை மையத்துக்கு அவளை அழைத்துப் போனதே நான்தான். அத்தனையும் எழுதி வைத்துவிட்டு, முதல் நாளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அவள் ஏழாம் தேதி நின்றிருந்தால், ஐந்து மாதமும் ஒரு வாரமும்தான் கணக்கில் ஏறியிருக்கும். இத்தனை நாள் அலைந்தது அந்தத் தொகையைப் பொறுத்தவரை வீண்.

அண்ணன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"லெட்டர மேனேஜருக்கு இன்னும் அனுப்பல" என்றார் அந்த அக்கா, மேஜை இழுப்பறையைத் தட்டி. "போன மாசம் ஒரு பையன் இப்டித்தான் ஒரு வாரம் முன்னாடி நின்னுட்டான். எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, மனசே சரியில்ல. அதான் இந்தப் பாப்பா தேதி போட்டுக் குடுத்ததும் உங்கள வரச் சொன்னேன்."

தேர்வுக்குப் படிக்க வேண்டுமே என்றேன், குரல் இறங்கி. அதற்கும் அவரே வழி சொன்னார். மார்ச் முழுவதும் சனி, ஞாயிறு மட்டும் வரட்டும், ஆள் பட்டியலில் பெயர் இருக்கும், சம்பளம் குறையும், பி.எஃப். அறுந்து போகாது. அவரே மேனேஜரிடம் பேசி அன்றே சம்மதம் வாங்கித் தந்தார். கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "லெட்டரு நல்லா எழுதிகீறீங்க, ஏப்ரல் மாசம் தேதிய மாத்தி இதையே குடுங்க" என்று சிரித்தார். அண்ணன் மகளும் சிரித்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள், "விடுங்க அத்தை, நானும்தான் அந்த ஓடிபிக்கு அவ்வளவு அலைஞ்சேன், எனக்கும் ஞாபகம் வரலையே" என்றாள். பிறகு, அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். நான்தான் அன்று இரவே சொன்னேன். அண்ணன் வழக்கம்போல ஒரு வார்த்தை குத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ அந்தக் கணக்குப் பிரிவு அக்காவின் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மார்ச் முப்பத்தொன்று வரை சனி ஞாயிறு தவறாமல் போனாள். ஏப்ரலில் அதே கடிதத்தைத் தேதி மாற்றிக் கொடுத்துவிட்டு நின்றாள். தேர்வை நன்றாக எழுதினாள். பிறகு முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏறிய செய்தியை என் கண் முன்னால் பிடித்துக் காட்டினாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். ஆதார், பி.எஃப். என்று கடையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் இன்னமும் இவளுக்குத்தான் போன் செய்கிறார்கள். "உன் பேர் ஏறிடுச்சான்னு மொதல்ல பாரு, அப்புறம் நாள் எண்ணு" என்று இவள் அவர்களிடம் சொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நான் இன்னமும் டைரி எழுதுகிறேன், தேதிகளில் எனக்குள்ள பிரியம் குறைந்துவிடவில்லை. ஆனால் இன்னொருவர் வாழ்க்கையில் ஒரு தேதியைச் சொல்லுமுன், முன்பின் தெரியாத ஒரு பெண் எங்களுக்காக இரண்டு நாள் இழுப்பறையில் நிறுத்தி வைத்த அந்தக் காகிதம் நினைவுக்கு வந்து, என்னை இன்னொரு முறை சரிபார்க்க வைக்கிறது.