டட்டில் கிளப்பிய புழுதி

எர்மீனியா பாரியென்டோஸுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். வெர்லின் டட்டில் என்பவன் ஊரார் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சாக வேண்டும். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டாளே தவிர, அதற்காகக் கடவுளைத் தொந்தரவு செய்ததில்லை. கேட்பதை ஒன்றாகக் கேட்டால்தான் அவர் மறக்க மாட்டார் என்பது அவள் கணக்கு.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவள். புருஷன் ஃபிடென்சியோ கோழியைக்கூட அதட்டத் தெரியாதவன். திராட்சை பறிப்பவர்களைத் திரட்டிச் சங்கத் தலைவர் ஆன்செல்மோ வேலைநிறுத்தம் தொடங்கியபோது, இரண்டு பேரும் சங்கத்தின் சிவப்புக் கொடியோடு தோட்டத்துச் சாலையோரம் நின்றார்கள். யார் அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்று ஆன்செல்மோ ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்த நாட்களில் தோட்டத்துக் கங்காணிகளுக்கு ஒரு விளையாட்டு. 'புழுதி கொடுப்பது' என்று அதற்குப் பெயர். பிக்கப் வண்டியை வேகமாக ஓட்டி வந்து, மறியல்காரர்கள் நிற்கும் இடத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பார்கள். வண்டியின் பின்பக்கம் சாலையோர மண்ணில் ஒரு வீசு வீசும். மொத்தப் புழுதியும் நிற்பவர்கள் முகத்தில் விழும். அதில் யார் கெட்டிக்காரன் என்று சாயங்காலம் பீர் குடித்துக்கொண்டே பந்தயம் பேசுவார்கள். கங்காணிகளில் டட்டிலை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒருநாள் டட்டில் கொடுத்த புழுதி அடங்கியபோது ஃபிடென்சியோ தரையில் கிடந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"கையில கல்லை வச்சுக்கிட்டு வண்டி முன்னால பாய்ஞ்சான். நான் என்ன பண்ணுவேன்?" என்றான் டட்டில். ஷெரிஃப் அதை அப்படியே நம்பினார், அல்லது நம்பியதாக எழுதிக்கொண்டார். எர்மீனியாவால் சாட்சி சொல்ல முடியவில்லை. அந்தப் புழுதியில் அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தாள். அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. ஆன்செல்மோவும் நம்பிவிட்டார். நம்மில் ஒருவன் கை ஓங்கிவிட்டான், அந்தப் பாவத்தை நான் கழுவுகிறேன் என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாடே அவரைக் கும்பிட்டது. ஃபிடென்சியோவின் சவப்பெட்டி மேல் போர்த்தச் சங்கக் கொடி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எர்மீனியா 'கல்லெடுத்தவன் பொண்டாட்டி'. பெற்ற இரண்டு பெண்களையும் அந்தப் பெயரோடுதான் வளர்த்தாள்.

சத்தியத்தை மட்டும் அவள் மீறவில்லை. ஆன்செல்மோ கையைத்தானே அடக்கச் சொன்னார்? மனசு அவளுடையது. அதில் டட்டிலை எத்தனையோ விதமாகக் கொன்று பார்த்திருக்கிறாள்.

ஆன்செல்மோ போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, அவர் வாழ்க்கையைப் படமெடுக்க ரமீரோ என்ற டைரக்டர் வந்து இறங்கினான். படத்தில் கூட்டமாக நிற்க ஊரில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். எர்மீனியாவும் பழைய தோழி ஒஃபீலியாவும் போனார்கள். போனால், குடை நிழலில் நாற்காலி போட்டு டட்டில் உட்கார்ந்திருக்கிறான்! தோட்டம் இப்போது அவனுடையது. படத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தான். பழைய பிக்கப்பையும் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். யாரோ ஒரு பெண் அவனுக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றைக்கு எடுக்கப்போவது ஃபிடென்சியோ கல்லெடுக்கும் காட்சி. அவள் நேரே ரமீரோவிடம் போனாள்.

"என் புருஷன் கல்லெடுக்கல தம்பி."

"எர்மீனியா அம்மா, போலீஸ் அப்படித்தான் எழுதியிருக்கு. மிஸ்டர் டட்டிலும் அதையேதான் சொன்னாரு. அந்தக் கல்லு இல்லாட்டி உண்ணாவிரதம் எதுக்கு? என் படமே அதுலதான் நிக்குது."

"அப்ப படம் நிக்கறதுக்கு நீ என் புருஷனை இன்னொரு தடவை சாகடிக்கப் போற."

அவன் கண்ணாடியைத் துடைத்தான். பாவம், நல்ல பையன்தான். அவன் படித்ததெல்லாம் போலீஸ் எழுதினது. "அவர் எங்க நின்னாருன்னாவது காட்டுங்க" என்றான் சமாதானமாக.

தண்ணீர் திறக்கும் பழைய சிமென்ட் குழாய் இன்னும் அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில், சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, மண்ணில் காலால் கோடு போட்டுக் காட்டினாள். அடையாளத்துக்கு அங்கே ஒரு கம்பை நட்டு, தொப்பி மாட்டினார்கள். ஒத்திகைக்கு ஆட்களை ஒதுக்கிவிட்டு, சினிமா டிரைவர் பிக்கப்பை ஓட்டினான். புழுதி முழங்கால் உயரத்துக்குக் கிளம்பிப் படுத்துவிட்டது. மறுபடி ஓட்டினான். அதே கதி. ரமீரோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

நாற்காலியில் டட்டில் நெளிவதை எர்மீனியா பார்த்தாள். கண்ணெதிரே எவனோ மட்டமாகப் புழுதி கொடுக்கிறான், அவனால் தாங்க முடியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இதெல்லாம் ஒரு புழுதியாடி ஒஃபீலியா? முதலாளி கொடுப்பாரே அதுதான் புழுதி! ராத்திரி சாப்பாட்டுலயும் மண்ணு கடிக்கும்."

ஒஃபீலியா அவளை வெறித்துப் பார்த்தாள். "அவனைப் போய்ப் புகழுறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"சும்மா இருடி. அவருக்குத்தான் வயசாயிடுச்சே, இப்ப எங்க முடியப் போகுது?"

அது போதுமாக இருந்தது. டட்டில் எழுந்தான். "சாவியக் குடு தம்பி, கத்துக்க" என்று டிரைவரைத் தள்ளிவிட்டு ஏறினான். ரமீரோவுக்குச் சந்தோஷம். கேமராவை ஓட விடச் சொன்னான்.

வண்டி சீறி வந்தது. கிழவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்பக்கம் மண்ணில் வீசியது. வானம் தெரியாமல் புழுதி. அடங்கியபோது ஃபிடென்சியோ நின்ற இடத்தில் நட்ட கம்பு முறிந்து கிடந்தது. தொப்பி குழாய்க்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

டட்டில் சிரித்துக்கொண்டே இறங்கினான். கன்னம் சிவந்து, பத்து வயசு குறைந்தவன்போல இருந்தான். "பாத்தீங்களா, கை மறக்கல! அன்னைக்கும் இதே மாதிரிதான், பின்பக்கம் கொஞ்சம் கூடப் போயிடுச்சு..."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் முறிந்த கம்பைப் பார்த்தான்.

ரமீரோ மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்தக் கல்லு, மிஸ்டர் டட்டில்?"

டட்டில் சாவியை டிரைவரிடம் நீட்டினான். "ஷெரிஃப் கேட்டாரு. ஏதாச்சும் சொல்ல வேண்டியிருந்துச்சு."

ஊரே நின்று கேட்டது. கல்லெடுத்தவன் பொண்டாட்டி என்று கூப்பிட்ட வாய்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஒஃபீலியா கத்தினாள், "அறைடி அவனை! இன்னும் என்ன சத்தியம்?"

எர்மீனியா அவன் பக்கத்தில் போனாள். அவன் தலை குனிந்திருந்தது. இத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குப் போதவில்லை. ஒரு நிமிஷத் தலைகுனிவு எந்த மூலைக்கு?

"இதைப் படத்துல போட வேணாம்னு சொல்லும்மா. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு" என்றான் அவன் தாழ்ந்த குரலில்.

"எனக்கும் இருக்கு. அதுங்களும் சேர்ந்து பார்க்கட்டும்."

கல்லைப் படத்திலிருந்து ரமீரோ நீக்கிவிட்டான். டட்டில் தன் கையால் ஓட்டின காட்சியே படத்தில் வரப்போகிறது. அங்கே எடுப்பது எதையும் படத்தில் போடலாம் என்ற சம்மதத்தில் காலையிலேயே, தோட்ட வாடகையோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தான் அந்தப் புத்திசாலி. ஆன்செல்மோ ஏமாந்ததும் அப்படியே வரும் என்று ரமீரோ வாக்குக் கொடுத்தான். மகானும் ஒருதடவை தப்புக் கணக்குப் போடலாம், அதை ஊர் பார்க்கட்டும்.

படம் வெளிவர இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். இதற்கிடையில் டட்டிலுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று செய்தி. எர்மீனியா பதறிப்போனாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மாதா முன்னால் அவன் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரியை மன்னிப்பது எப்படி என்று எர்மீனியாவைக் காட்டிப் பிரசங்கமே செய்தார். அவள் முன்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள்.

பிரசங்கம் முடிந்ததும் மண்டியிட்டாள். முழங்கால் வலித்தது, இருக்கட்டும்.

"தாயே, அவனைக் காப்பாத்து. கண்ணு தெரியணும், காது கேக்கணும், புத்தி தெளிவா இருக்கணும். படம் பார்த்து முடிக்கிற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."